கடல்நீர் நுழையாத விதை

கடற்கரையில் அடம்பங்கொடி படர்ந்த மணல்மேட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், நடுவே மூன்று மூன்றாக இலை விட்ட வேறொரு கொடியும் தட்டுப்படலாம். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, தடித்த அவரை போலக் காய். தாவரவியலில் கனவாலியா ரோசியா. நம் வாளவரைக்கு நெருங்கிய சொந்தம். உலகின் வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் இது இயல்பாகவே வளர்கிறது. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவே மொட்டையான பிறகு, அலை கொண்டுவந்து சேர்த்த செடிகளில் இதுவும் ஒன்று.

அவ்வளவு தூரம் மிதந்தும் விதை ஊறிப்போகாததற்குக் காரணம் அதன் தோல். தூண் வடிவச் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிற்பதால் உள்ளே தண்ணீர் போக வழியில்லை. பயறு வகை விதைகள் சிலவற்றில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. காயோடு ஒட்டியிருந்த தழும்பில் மெல்லிய பிளவு இருக்கும். காற்று உலர்ந்தால் அது திறந்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும், ஈரக்காற்று பட்டால் மூடிக்கொள்ளும். விதை காயக் காய இன்னும் கெட்டியாவது இதனால்தான்.

கடலில் காப்பாற்றிய அதே தோல்தான் தோட்டத்தில் நமக்குத் தொல்லை. அப்படியே புதைத்து நீர் ஊற்றினால் மாதக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். ஆகவே தோலில் ஒரு வாசல் திறந்துவிட வேண்டும். முளைக்கரு தழும்புக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே கை வைக்காமல், எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்கலாம். பழுப்புத் தோலுக்கு அடியில் வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். காலையில் உப்பியிருந்தால் சரி. உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

மணல் கலந்த மண்ணில் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். வேரைக் கலைக்காமல் இருக்க, வளர வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. விதை கிடைக்காதவர்கள் கணுவில் வேர்விட்ட தண்டை வெட்டி நடலாம்.

யூரியா போட வேண்டாம். வேர்முடிச்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கும். புது மண்ணில் அவை இல்லாமல் போகலாம் என்பதால், ஏற்கெனவே இந்தக் கொடி இருக்கும் இடத்து மண் ஒரு பிடி கலந்துவிடுங்கள். அப்புறம் ஒரு முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பூ தலைகீழாகப் பூக்கும். அகன்ற இதழ் கீழே விரிந்திருப்பதால் கருவண்டு அதில் வந்து உட்காரும்; மேலே இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

காயைப் பார்த்து வாளவரை என்று குழம்பில் போட்டுவிடாதீர்கள். விதையில் கனவானைன் என்ற நச்சு உண்டு. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் அது இருப்பதால், தின்ற பூச்சியின் உடல் ஏமாந்து அதை வைத்தே புரதம் கட்டும். அந்தப் புரதம் சரியாக வேலை செய்யாது.