தோளோடு தோள் உரசும் தனிமை

மனநல ஆலோசகரான என்னிடம் தனிமையைப் பற்றிப் பேச வருபவர்களில் பலர், தங்களுக்கு யாருமில்லை என்று சொல்வதில்லை. வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், அலுவலகத்தில் நண்பர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் ஏதோ சரியில்லை என்றே தொடங்குகிறார்கள். அந்த 'ஏதோ'வுக்குச் சொல் அகப்படாமல் அவர்கள் திணறும்போது, ஜப்பானிய ஓவியர் டெட்சுயா இஷிடா 1996-இல் வரைந்த ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை மேசைமேல் வைப்பேன்.

அதில், உணவகத்தில் கோட்டு அணிந்த ஆண்கள் வரிசையாக அமர்ந்திருக்க, பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு எரிபொருள் நிரப்புவதைப் போல ஊழியர்கள் அவர்களின் வாயில் குழாயைச் செருகி நிற்கிறார்கள். 1998-இல் வரைந்த இன்னொன்றில், பழுதான மின்சாதனத்தைப் போல ஒரு மனிதன் உறுப்பு உறுப்பாகப் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருக்க, அருகிலேயே அவன் குடும்பத்தார் அமர்ந்திருக்கிறார்கள். இஷிடாவின் மனிதர்களைச் சுற்றிப் பெரும்பாலும் ஆட்கள் இருக்கிறார்கள். தொடுவதற்குக் கைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் ஒரு பொருளைக் கையாள்வதைப் போலத்தான் அவர்களைத் தொடுகின்றன. தனிமை என்பது ஆளில்லாமை மட்டுமன்று என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஓவியங்களை நான் அதிகம் கண்டதில்லை.

யாய்சு என்ற மீன்பிடித் துறைமுக நகரில் 1973-இல் பிறந்த இஷிடா, கலைப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த 1996-இல், நிலம், பங்கு விலைகள் அளவுக்கு மீறி ஊதிப்பெருத்திருந்த ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்து, பட்டதாரிகளை நிறுவனங்கள் வேலைக்கு எடுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளை ஜப்பானியர் 'வேலைவாய்ப்பின் பனியுகம்' என்கிறார்கள். 2005-இல், 31 வயதில், ரயில்வே கடவையில் ரயில் மோதி அவர் இறந்தார். அந்த மரணத்தை வைத்து ஓவியங்களில் நோயைத் தேடுவதை நான் ஏற்பதில்லை. ஓவியம் மருத்துவ அறிக்கை அன்று. அவர் வரைந்தது ஒரு தலைமுறை முழுவதும் அணிந்திருந்த முகத்தை.

வீட்டுக்குள் ஒடுங்கிச் சமூகத்திலிருந்து விலகி வாழும் 'ஹிகிகோமோரி' நிலையில், 15 முதல் 64 வயது வரையிலானோரில் சுமார் 14.6 லட்சம் பேர் இருப்பதாக ஜப்பானிய அரசின் 2022-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. தனிமைக்கென 2021-இல் அமைச்சர் ஒருவரை நியமித்த அந்நாட்டில், 2024 ஏப்ரலில் அதற்கெனத் தனிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு ஜப்பானிய ஓவியரான யோஷிடோமோ நாரா வரையும் சிறுமிகள் வேறு வகை. 1990-களில் முறைத்துப் பார்த்த அந்தக் குழந்தைகள், 2011 நிலநடுக்கத்துக்குப் பின் வரைந்த ஓவியங்களில் நம்மை நேராக, ஈரம் ததும்பும் கண்களால் பார்க்கிறார்கள். பேரழிவுக்குப் பின் வரைய இயலாமல் களிமண்ணைக் கையால் பிசைந்துகொண்டிருந்தவர், மீண்டும் தூரிகையை எடுத்தபோது உருவான பார்வை அது.

இத்தகைய படங்களைப் பிள்ளைகள் அறைச் சுவரில் ஒட்டிவைத்தால், "ஏன் இந்தச் சோகம்?" என்று பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள், பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. "இதில் உன்னைப் போல இருப்பது யார்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பல நாள் தூக்கமின்மையோ, சாவைப் பற்றிய பேச்சோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஓர் இளைஞர் மூன்று அமர்வுகளாக அந்த உணவக ஓவியத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது முறை, வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு ஊழியர்மேல் விரலை வைத்து, "குழாயைப் பிடித்திருக்கிறவரும் தனியாகத்தான் நிற்கிறார், மேடம்" என்றார். அதன்பிறகு அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.