உபேட்சைக்குத் தமிழ் என்ன?

தக்கலைப் பக்கம் ஒரு யோகா வகுப்பு. ஆசிரியர் பலகையில் நான்கு சொற்களை எழுதி, எதிரே தமிழும் எழுதினார்: மைத்ரீ – நட்பு, கருணா – இரக்கம், முதிதா – மகிழ்ச்சி, உபேக்ஷா – அலட்சியம். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பேனாவை நிறுத்திவிட்டார். "சார், மூணும் நல்ல குணம். நாலாவது மட்டும் ஏன் இப்பிடி?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சரியான விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நான்கு சொற்களும் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், முதல் பகுதியான சமாதி பாதத்தின் 33ஆம் சூத்திரத்தில் வருபவை. இன்பமாக வாழ்பவரிடம் மைத்ரி, துன்பப்படுபவரிடம் கருணை, அறவழி நடப்பவரிடம் முதிதை, அறம் தவறியவரிடம் உபேட்சை. இவற்றைப் பழகப் பழகச் சித்தம் தெளியும் என்கிறது சூத்திரம்.

முதல் மூன்றுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. மைத்ரி மித்ரனிலிருந்து வந்தது. கேண்மை என்றால் அழகாகப் பொருந்தும், கேள் என்றால் உறவு. கருணைக்கு அருள். 'அருளென்னும் அன்பீன் குழவி' என்று வள்ளுவர் சொன்ன பிறகு வேறு சொல் எதற்கு? முதிதைக்கு உவகை. கூட்டங்களில் 'ஆமோதிக்கிறேன்' என்கிறோமே, அதிலும் இதே 'முத்' என்னும் வேர்தான் இருக்கிறது. அடுத்தவர் நன்மையைப் பார்த்து 'ஆம், நன்று' என்று உள்ளம் எழுந்து நிற்பது முதிதை. அழுக்காற்றுக்கு நேர் எதிர்.

உபேட்சையில்தான் சிக்கல். உப + ஈக்ஷ்: அருகிருந்து பார்த்தல். பரீட்சையில் இருப்பதும் இந்த 'ஈக்ஷ்'தான்; சுற்றிச்சுற்றிப் பார்ப்பது பரீட்சை. தேர்தலில் நிற்பவரை முன்பு அபேட்சகர் என்பார்கள், ஒன்றை எதிர்நோக்கி நிற்பவர் என்ற பொருளில். ஆக, உபேட்சைக்குள்ளும் ஒரு கண் திறந்துதான் இருக்கிறது. பார்த்தும் கைவைக்காமல் இருப்பது என்ற நிலையிலிருந்து, பாராமல் விடுவது என்ற பொருளுக்குச் சொல் வடமொழியிலேயே சரிந்தது. தமிழுக்கு வந்த உபேட்சையும் அந்தச் சரிந்த பொருளில்தான் அதிகம் புழங்கியது. நம் குமரிக் கடற்பாறையில் 1892 டிசம்பரில் தியானமிருந்த விவேகானந்தர், 1896இல் வெளிவந்த ராஜயோக நூலில் இச்சூத்திரத்தை ஆங்கிலப்படுத்தியபோது 'இண்டிஃபரன்ஸ்' என்று வைத்தார். அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கம் சாராமை என்ற பழைய பொருளும் உண்டு. தமிழில் அது உதிர்ந்து, அலட்சியம் மட்டும் தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சொற்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. மணிமேகலையின் கடைசிக் காதையில் 'மைத்திரி கருணா முதிதை என்றறிந்து, திருந்துநல் உணர்வால் செற்றம் அற்றிடுக' என்று அறவண அடிகள் சொல்கிறார். பௌத்தத்திலும் இவை நான்குதான். ஆனால் மணிமேகலை பாடிய சாத்தனார் இந்த இடத்தில் மூன்றைத்தான் சொன்னார். யோக சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசரும், மைத்ரி முதலியவற்றால் வரும் பலத்தைச் சொல்லும் மூன்றாம் பகுதியான விபூதி பாதத்தின் சூத்திரத்தில், பாவனை, அதாவது உள்ளத்தில் பழகி வளர்ப்பது, மூன்றுதான், உபேட்சை பாவனை அன்று என்று பிரித்துவிடுகிறார். எனக்கு இது பெரிய வெளிச்சமாகப் பட்டது. முதல் மூன்றும் உள்ளத்தில் ஊற்றி வளர்க்க வேண்டியவை. உபேட்சையில் ஊற்ற எதுவும் இல்லை. மேலே படியவிருந்த கோபத்தைப் படியாமல் நிறுத்துவதுதான் வேலை.

சமணம் இதற்கு இன்னொரு சொல் வைத்திருக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் மைத்ரி, பிரமோதம், காருண்யம், மாத்யஸ்தம் என்று நான்கைச் சொல்லும். சொல்லித் திருத்த முடியாதவரிடம் காட்ட வேண்டியது மாத்யஸ்தம், நடுவில் நிற்றல். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலையில் ஏறினால், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்க்கலாம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு உள்ள இடம் அது, 9ஆம் நூற்றாண்டு. அந்த முகங்களின் முன் கொஞ்ச நேரம் நின்றவர்கள் அதை அலட்சியம் என்று சொல்ல மாட்டார்கள்.

நடுவில் நிற்றல் என்றதும் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் நினைவுக்கு வரும். அதற்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர் 'பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதி' என்கிறார். நான் தேடிய சொல் அங்கே இருந்தது. நொதுமல்: பகையும் இல்லை, நட்பும் இல்லை. நொதுமலர் என்றால் அயலார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. குறுந்தொகையில் (12) தலைவி, என் வருத்தத்தைப் பாராமல் 'நொதுமல் கழறும் இவ்வழுங்கல் ஊரே' என்று ஊரைக் குறை சொல்கிறாள். அங்கே நொதுமலில் அன்பில்லாத விலகல் இருக்கிறது. ஆனால் அது துன்பப்படுகிறவளிடம் காட்டிய நொதுமல். துன்பப்படுபவருக்கு உரியது கருணை என்று சூத்திரம் முன்பே பிரித்து வைத்துவிட்டது. இடம் மாறினால் எந்த நல்ல சொல்லும் புண்படுத்தும். நடுவுநிலை என்றே சொல்லலாமே என்றால், அது வழக்குத் தீர்ப்பவரின் குணம். இங்கே தீர்ப்பு எழுத நமக்கு வேலையில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது. மேற்கு எல்லைக்கல் ஒரு முழம் நம் பக்கம் நகர்ந்திருந்தது, இரண்டு தென்னை அந்தப் பக்கம் போயிருந்தன. எனக்கு மூன்று வாரம் தூக்கமில்லை. சோற்றில் கை வைத்தாலும் கல்லை நகர்த்திய அந்த ஆள் முகம்தான். சித்தி சொன்னார்: "மக்களே, மனு குடு, சர்வேயர வரச் சொல்லு. அவனுக்க பாவம் அவனுக்கு. அத ஏன் நீ எடுத்துத் தலையில வச்சிருக்க?" மனு கொடுத்தோம், எஃப்எம்பி என்னும் அரசு நில அளவை வரைபடத்தை வைத்து அளந்தார்கள், கல் பழைய இடத்துக்கு வந்தது. அலட்சியம் என்றால் அந்த மனுவே இல்லை. மனுவும் கொடுத்துவிட்டு, மனிதரை நெஞ்சுக்குள் குடிவைக்காமல் இருப்பதை நொதுமல் என்று சித்திக்குச் சொன்னேன். "அதுக்குப் பேரும் இருக்கா?" என்று கேட்டார்.

சூத்திரத்தின் கடைசிச் சொல் சித்தப் பிரசாதனம். பிரசாதனம் என்றால் தெளியவைத்தல். குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைப்பார்கள். தேற்றுதல் என்று தமிழில் நீருக்கும் சொல்கிறோம், அழுதவரை ஆற்றுவதற்கும் சொல்கிறோம். சித்தப் பிரசாதனத்துக்கு உளந்தேற்றல் என்றே எழுதிக்கொண்டேன். அந்த அக்காவை மறுபடி பார்க்கும்போது இரண்டு சொல்லையும் கொடுக்க வேண்டும்.