இபி-5 முதலீட்டு விசா: பணம் இருந்தும் ஆசியர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்?

அமெரிக்காவில் முதலீடு செய்து கிரீன் கார்டு வாங்கும் வழிதான் இபி-5. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் வந்த திட்டம் இது. நீங்கள் போடும் பணத்தால் குறைந்தது 10 பேருக்கு முழுநேர வேலை உருவாக வேண்டும். இப்போதைய தொகை 10,50,000 டாலர். கிராமப்புறம் அல்லது வேலையின்மை மிகுந்த பகுதி என்றால் 8,00,000 டாலர். பெரும்பாலோர் தாங்களே தொழில் நடத்துவதில்லை. பல முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்ட அரசின் அனுமதி பெற்ற பிராந்திய மையம் என்ற அமைப்பின் மூலம் கட்டுமானம் போன்ற திட்டங்களில் பணத்தைப் போடுகிறார்கள்.

சிக்கல் தொடங்குவது எண்ணிக்கையில். ஆண்டுக்குச் சுமார் 10,000 விசாக்கள்தான். மனைவி, கணவர், பிள்ளைகளும் அதே கணக்கில் வருவதால், நாலு பேர் குடும்பம் நாலு விசாவை எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்று வரம்பு. இதில் பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. சென்னையில் பிறந்து கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இந்தியக் கணக்கில்தான் வருவார். கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்தலாம். இதைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். மற்ற நாட்டவர் எடுக்காமல் மிஞ்சும் விசாக்கள் வரம்பைத் தாண்டியும் கிடைக்கும் என்பதால், 2014ல் விசா பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சீனர்கள். அடுத்த ஆண்டே சீனாவுக்கு வரிசை விழுந்தது. பிறகு வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும்.

இன்னொரு பக்கம் மோசடி. வெர்மாண்ட் மாநிலத்தின் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்துக்காகப் பல நாட்டு முதலீட்டாளர்களிடம் 35 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. அந்தப் பணம் தவறாகக் கையாளப்பட்டதாக 2016ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது.

2022 மார்ச் 15ல் கையெழுத்தான சீர்திருத்தச் சட்டம் இரண்டையும் தொட்டது. பிராந்திய மையங்களுக்குத் தணிக்கையும் ஆண்டுக் கட்டணமும் வந்தன. விசாக்களில் 20 சதவீதம் கிராமப்புறத் திட்டங்களுக்கும், 10 சதவீதம் வேலையின்மை மிகுந்த பகுதிகளுக்கும், 2 சதவீதம் உள்கட்டமைப்புக்கும் ஒதுக்கப்பட்டன. பழைய வரிசையில் நிற்காமல் இந்தப் புது வரிசையில் நுழையலாம் என்பதுதான் ஆசியர்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். அமெரிக்காவிலேயே எச்-1பி வேலை விசாவில் இருப்பவர், தனக்கு விசா எண் கிடைக்கும் நிலை இருந்தால் (அதாவது, தான் பிறந்த நாட்டுக்கு அந்த வரிசையில் காத்திருப்பு இல்லையென்றால்), முதலீட்டு மனுவோடு கிரீன் கார்டு மனுவையும் சேர்த்தே போடலாம். ஆனால் புது ஒதுக்கீட்டிலும் அந்த 7 சதவீத வரம்பு அப்படியேதான் இருக்கிறது. என் பார்வையில், சட்டம் பக்கத்துக் கதவைத் திறந்ததே தவிர, பிறந்த நாட்டை வைத்து ஆளை நிறுத்தும் விதியைத் தொடவில்லை. சீர்திருத்தம் வேண்டியது அங்கேதான்.

சரி, இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது எப்படி? ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். ஒருவரே அனுப்பினால் 8 லட்சம் டாலருக்கு நான்கு நிதியாண்டுகள் தேவை. குடும்பத்தாரின் வரம்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், முதலீட்டில் பங்குதாரராக இல்லாதவரின் வரம்பை அப்படிச் சேர்க்க முடியாது. ஆகவே முதல் டாலரை அனுப்பும் முன்பே வங்கியிடமும் ஆடிட்டரிடமும் பேசிவிடுங்கள். அப்புறம், பணம் வந்த வழியை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் காட்ட வேண்டும். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், அந்த நிலத்தை எந்தப் பணத்தில் வாங்கினீர்கள் என்ற கணக்கு, வரித் தாக்கல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்தது என்றால் அவருடைய கணக்கும் வேண்டும்.

பணம் இழப்பு அபாயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். "அசல் திரும்புவதற்கு உத்தரவாதம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். அப்படி ஒரு உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இருந்தால் மனுவே நிராகரிக்கப்படும்.

தேதிகளையும் கவனியுங்கள். பிராந்திய மையத் திட்டம் 2027 செப்டம்பர் 30 வரை செல்லும். ஆனால் பின்னால் திட்டம் காலாவதியானாலும் மனு பரிசீலிக்கப்படும் என்ற பாதுகாப்பு 2026 செப்டம்பர் 30க்குள் மனு போட்டவர்களுக்கு மட்டுமே. 2027 ஜனவரி 1 முதல் பணவீக்கத்துக்கு ஏற்ப முதலீட்டுத் தொகையும் மாறும்.

வீட்டில் 19, 20 வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் தேவை. முதலீட்டு மனு பரிசீலனையில் இருக்கும் காலம் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கப்படும். மனு ஏற்கப்பட்ட பிறகும் விசா எண் வராமல் இழுத்தால் வயது மறுபடி ஓடும். 21 தாண்டினால் பெற்றோரின் மனுவில் பிள்ளைக்கு இடமில்லை.