உத்வேகமா, தூண்டுகோலா?

பெங்களூர் ஓவியர் ஒருவரைப் பற்றித் தமிழில் நாலு வரி அறிமுகம் எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுதிவிடும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'அன்றாட நகரச் சூழலிலிருந்தும் தனது சமூகத்திலிருந்தும் உத்வேகம் பெறுகிறார்.' ஓவியர் யாராக இருந்தாலும் இதே வரிதான். இதில் 'உத்வேகம் பெறுகிறார்' என்ற இரண்டு சொல்லோடுதான் எனக்கு வழக்கு. 'சமூகம்' பற்றியும் ஒரு புகார் உண்டு, அது கடைசியில்.

அந்த வரி ஆங்கிலத்திலிருந்து வந்தது. உத்வேகம் என்று நாம் பெயர்ப்பது அங்கே இன்ஸ்பிரேஷன், லத்தீன் வழியாக வந்த சொல். உள்ளே மூச்சை ஊதுவது என்பது வேர்ப்பொருள். தெய்வம் கவிஞனுக்குள் ஊதியது என்ற நம்பிக்கை பிற்பாடு கழன்றுபோய், படைப்பவனுக்குள் ஒன்றைக் கிளப்பிவிடும் எதற்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. மருத்துவர்கள் மட்டும் மூச்சை உள்ளிழுப்பதற்கு இன்றும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

உத்வேகத்துக்கு வருவோம். வடமொழியில் அதன் அடி 'விஜ்': நடுங்குதல், கலங்குதல். பகவத் கீதை 12ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தனக்குப் பிரியமானவன் யார் என்று சொல்கிறான்: களிப்பு, சினம், அச்சம், உத்வேகம் இவற்றிலிருந்து விடுபட்டவன். அங்கே உத்வேகம் என்றால் மனக்கலக்கம். தமிழுக்கு வந்ததும் அதற்குள் இருந்த 'வேகம்' நம் காதில் தனியாக விழுந்து, சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுத்துவிட்டது. 'உத்வேகத்துடன் களமிறங்கிய இந்திய அணி' என்று விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே வேகம் வேண்டும்தான். சொற்கள் பொருள் மாறுவதும் புதிதல்ல. வடசொல் என்பதற்காகவும் நான் இதை விரட்டவில்லை. 'கவிதை' என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் நாம் இருப்பது பெங்களூரில். கன்னடத்தில் உத்வேகத்துக்குப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: படபடப்பு, பதற்றம். உங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம், 'இந்த ஓவியருக்கு இந்தத் தெருதான் உத்வேகம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஐயோ பாவம், டிராஃபிக்கா?' என்று கேட்பார். இன்ஸ்பிரேஷனுக்கு அவர் சொல்வது ஸ்பூர்த்தி அல்லது பிரேரணை. மலையாளி பிரசோதனம் என்பார், இந்திக்காரர் ப்ரேர்ணா என்பார். இத்தனை பேர் சுற்றி இருக்க, நாம் மட்டும் பதற்றத்தைக் குறிக்கும் சொல்லைக் கலைஞர் தலையில் கட்டுகிறோம். (பிரேரணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். தமிழில் அது சபையில் கொண்டுவரும் தீர்மானம்.)

ஒருவருக்கு மட்டும் உத்வேகம் பொருந்தும், அதுவும் கன்னடப் பொருளில். தெரு ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி 2015இல் பெங்களூர் சுல்தான்பாளையத்தில் தண்ணீர் தேங்கிய சாலைப் பள்ளத்தில் நிஜ முதலை அளவுக்கு முதலை பொம்மை ஒன்றைச் செய்து போட்டார். 2019இல், சந்திரயான்-2 தரையிறங்க இருந்த நாட்களில், விண்வெளி உடுப்பு போட்ட ஒருவரைக் குண்டும் குழியுமான ரோட்டில் மெல்ல நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நிலா. பக்கத்தில் ஓர் ஆட்டோ போனதும்தான் ஊர் தெரியும். அந்த ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பள்ளம் தருவது உத்வேகமேதான். நஞ்சுண்டசாமிக்கு அது தந்தது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை எப்படிப் போடுவது?

பெங்களூர்க் கலைஞர் ஷீலா கௌடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வண்டிகளின் பம்பரில் திருஷ்டிக்காகத் தலைமுடியைத் திரித்த கயிற்றைக் கட்டும் பழக்கத்தை அவர் பார்த்தார். கோயிலில் முடியிறக்கியவர்களின் முடி அது. அந்தக் கயிற்றைக் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீளத்துக்குச் சேர்த்து, பளபளக்கும் கார் பம்பர்களை அதில் தொங்கவிட்டார். 2009இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் இருந்த அந்தப் படைப்பு இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ரோடு போடுகிறவர்களின் தார் டிரம்களை அடுக்கி, குனிந்துதான் நுழைய முடிகிற ஓர் அறையும் செய்திருக்கிறார். உள்ளே போய் நிமிர்ந்தால் கூரைத் தகரத்தில் குத்திய ஓட்டைகளில் வெளிச்சம் நட்சத்திரம் மாதிரித் தெரியும். இதில் வேகம் எங்கே இருக்கிறது? நின்று பார்த்த பார்வைதான் இருக்கிறது.

'பெறுகிறார்' அதைவிட மோசம். விருது பெறலாம், சம்பளம் பெறலாம். ரேஷன் கடையில் அட்டையை நீட்டிச் சர்க்கரை வாங்குவது போல உத்வேகத்தையும் வரிசையில் நின்று வாங்குகிறாரா ஓவியர்? தமிழில் இதைச் சொல்ல வினை இல்லாமலா போயிற்று? 'பம்பரில் கட்டிய கயிற்றைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது' என்றால் யாருக்குப் புரியாது? மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்ச்சொல்லைக் கண்டால் பெயர்ச்சொல்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பதால் வரும் வினை இது.

பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் என்ன இருக்கிறது? 'உள்ளுயிர்ப்பு' என்று ஒரு தனித்தமிழ் ஆக்கம் சொல்கிறார்கள். லத்தீனை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தது. சொன்னால் யோகா வகுப்பு என்று நினைப்பார்கள். 'உந்துதல்' பின்னாலிருந்து தள்ளுவது. பேருந்தில் இருக்கும் அதே உந்து. வேலையை முடிக்க வைப்பதற்கு அது சரி, படைப்பைப் பிறப்பிப்பதற்குச் சரியில்லை. 'ஆதர்சம்' வடமொழியில் கண்ணாடி. ஒரு மனிதரை முன்மாதிரியாகக் கொள்வதற்கு அழகான சொல், ஆனால் தார் டிரம்மை ஆதர்சம் என்று சொல்ல நாக்கு வராது. ஈழத்தவர்கள் எழுதும் 'அருட்டுணர்வு' எனக்குப் பிடிக்கும், இந்தப் பக்கம் அது பழகவில்லை.

என் ஓட்டு தூண்டுதலுக்கு. தூண்டுவது என்றால் முதலில் விளக்குத்திரியைத் தூண்டுவது. தூண்டாமணி விளக்கு என்ற பெயரிலேயே அது இருக்கிறது. அப்பர் குறுக்கை வீரட்டப் பதிகத்தில் மறைக்காட்டு (வேதாரண்யம்) கோயில் எலியைப் பாடுகிறார்: 'கறைநிறத் தெலிதன் மூக்குச் சுட்டிடக் கனன்று தூண்ட'. நெய் குடிக்க வந்த எலி மூக்குச் சுட்டுத் திமிறியதில் அணைய இருந்த திரி தூண்டப்பட்டுச் சுடர் நிமிர்ந்துவிட்டது. எலிக்கு விளக்கேற்றும் எண்ணமே கிடையாது. பம்பரில் கயிறு கட்டிய டிரைவருக்கும் கலை பற்றிய எண்ணம் இருந்திருக்காது. நெய்யும் திரியும் விளக்கினுடையவை, எலி செய்தது தூண்டியது மட்டும். கலைஞருக்கும் தெருவுக்கும் உள்ள உறவை இதைவிடக் கச்சிதமாகச் சொல்லும் தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

'தூண்டுதல்' போலீஸ் வாடை அடிக்கிறதே, கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு என்றல்லவா செய்தியில் வருகிறது என்பார்கள். நியாயமான கேள்வி. பௌதிகத்தில் மின்காந்தத் தூண்டலும் இருக்கிறது. அந்த நெருடல் வரும் இடத்தில் 'தூண்டுகோல்' என்று எழுதிவிடலாம். திரியை நிமிர்த்தும் கோல் என்ற பொருள் அதில் பளிச்சென்று நிற்கிறது.

அப்புறம் அந்தச் 'சமூகம்'. செய்தித்தாளில் 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்த' என்று வந்தால் அது எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 'தனது சமூகத்திலிருந்து உத்வேகம் பெறும் ஓவியர்' என்று எழுதினால் வாசிக்கிறவர் முதலில் தேடுவது ஓவியரின் சாதியை. ஆங்கில மூலத்தில் சொன்னது மார்க்கெட்டில் பூ கட்டுகிறவரையும் மூலைக்கடை டீ மாஸ்டரையும் பஞ்சர் ஒட்டும் பையனையும். அவர்களுக்கு அக்கம்பக்கத்தார் என்ற சொல் இருக்கிறது, தெருக்காரர்கள் இருக்கிறது, இடத்தைப் பொறுத்து ஊர்க்காரர்களும் சரிவரும்.