தப்பா அமுக்கிட்டா குழுப் பணம் போயிருமா?

மஞ்சள் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தார் அந்த அக்கா. ஐம்பதைத் தாண்டிய வயது. லேப்டாப்பைப் பழைய சேலைத் துணியில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பிரித்தால், மூடியில் கோபுர முத்திரை. மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள், லேப்டாப் பரணுக்குப் போய்விட்டது.

அக்கா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். சேமிப்பு, உள்கடன், வட்டி என்று குழுக் கணக்கை நோட்டில் எழுதுவது அவர்தான். கூட்டத்துக்கு வந்த யாரோ, “இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல கூட்டிக் காட்டிரும்” என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து அவருக்குப் பரண் ஞாபகம்.

“ரிப்பேர் பாத்துக் குடுங்க தம்பி. ஆனா ஒண்ணு கேக்கணும். நான் எதையாவது தப்பா அமுக்கிட்டா குழுப் பணம் போயிருமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் யோசித்தால் அது சிரிக்கிற கேள்வியே இல்லை. பேங்கில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் எதையோ தட்டுகிறார், இந்தப் பக்கம் நம் கணக்கில் பணம் கூடுகிறது, குறைகிறது. பல வருஷம் இந்தப் பக்கமே நின்று பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும்?

“நோட்டுல தப்பா எழுதிட்டா பேங்க்ல பணம் குறையுமாக்கா?”

“அதெப்படிக் குறையும்?”

“அப்ப இதுவும் நோட்டுதான்.”

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 20 வருஷம் ஆகப்போகிறது. மெஷின் கெட்டுப்போய் வருகிறவர்களை விட, மெஷினைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து அதைத் தொடாமலே வைத்திருந்தவர்கள்தான் என் நினைவில் நிற்கிறார்கள். இந்தப் பயத்தை நாமேதான் கற்றுக்கொடுத்தோம். நான் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மெஷினுக்கு நாலு பேர். ஒருவன் தொடுவான், மூன்று பேர் எட்டிப் பார்ப்போம். வீடுகளில் அதற்குப் பூப்போட்ட துணியுறை, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம். ‘தொடாதே’ என்பதுதான் முதல் பாடமாக இருந்தது.

அதனால்தான் பயப்படுகிறவர்களிடம் புது லேப்டாப் வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். வியாபாரம் போகிறதே என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்வார். அறுபதாயிரம் ரூபாய் பொருளின் முன் உட்கார்ந்தால் விரல் நடுங்கத்தான் செய்யும். பரணில் கிடந்ததை வீட்டில் எல்லாரும் எப்போதோ தலைமுழுகியிருப்பார்கள். இனி அதில் கெடுக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே பாதிப் பயத்தைக் குறைத்துவிடும்.

ஆனால் பரணிலிருந்து இறக்கியதை அப்படியே கையில் கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும். காரணம், வேகம். பழைய மெஷினில் ஒன்றைத் திறக்கச் சொல்லி கிளிக் செய்தால் 20 நொடி ஒன்றுமே நடக்காது. பழகியவர் பேசாமல் காத்திருப்பார். புதியவரோ, தான் சரியாக அமுக்கவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்குவார், பிறகு பக்கத்தில் இருப்பதையும் அமுக்குவார். திடீரென்று ஐந்து ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறக்கும். ‘ஐயையோ, என்னமோ ஆயிருச்சு’ என்று கையை எடுத்துவிடுவார், அதோடு ஒரு மாதம் அந்தப் பக்கம் வரமாட்டார். தப்பு மெஷினுடையது. பழியைத் தூக்கிக்கொண்டது மனிதர்.

எனவே முதல் வேலை, ஹார்ட் டிஸ்கை மாற்றுவது. பழைய லேப்டாப்பில் இருப்பது சுழலும் தட்டு. தட்டு சுழன்று, ஊசி மாதிரி ஒன்று இடம் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் பத்து வயது லேப்டாப்கூடச் சுறுசுறுப்பாக எழுந்துவிடும். 256 ஜிபி அளவு வீட்டு வேலைக்குத் தாராளம். அடுத்தது ரேம், மெஷின் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். 2 ஜிபி இருந்தால் 4 ஆக்குங்கள், மெஷின் ஏற்குமானால் 8. அப்புறம் ஃபேனில் அடைந்திருக்கும் தூசி, பிராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் என்ற சூடு கடத்தும் பசை, தேதியை மறந்துபோகும் மெஷினுக்கு ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் அதற்கென்றே உள்ள ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, லேப்டாப்பில் செருகி, போட்டோக்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

அக்காவின் லேப்டாப்பில் இதையெல்லாம் செய்தேன். அடுத்தது ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது விண்டோஸ், லினக்ஸ் மாதிரி மெஷினை ஓட்டும் அடிப்படை மென்பொருள். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய சிஸ்டம் அது. பிள்ளைகள் லேப்டாப்பை வாங்கிய கையோடு என் கடைக்கு ஓடி வருவார்கள், “அண்ணே, இந்த லினக்ஸை எடுத்துவிடுங்க” என்று. எடுத்துவிட்டு, கையிலிருந்த விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கினேன். நான் மட்டுமல்ல, அந்த நாளில் இந்தத் தொழிலில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் செய்தது அதுதான். அன்று லினக்ஸை எடுப்பதற்கு வாங்கினேன், இன்று லினக்ஸ் போடுவதற்கு வாங்குகிறேன்.

விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் தரும் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும். 2017-க்கு முன் வந்தவை அநேகமாக எல்லாமே வாசலிலேயே நின்றுவிடும். அதற்காக அவை செத்துப்போனதாக அர்த்தமில்லை. 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு அழகாக ஓடும். விலை கிடையாது, லைசென்ஸ் கேட்டு மிரட்டாது. நிறுவுவதற்கு முன் ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வாசலில் நின்று வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி. பிடிக்கவில்லையா, பென் டிரைவை உருவிவிட்டு ஆன் செய்தால் பழையது பழையபடியே இருக்கும்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் விண்டோஸிலேயே இருப்பதுதான் நல்லது. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் ஒரு பழைய லேசர் பிரின்டரை லினக்ஸில் ஓடவைக்க நான் இரண்டு ராத்திரி விழித்திருந்தேன். இனி அந்தப் பிரின்டரோடு வருபவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

சிவகாசியில் ஒரு அச்சகக்காரர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை ஓட்டுகிறார். கண்ணை மூடிக்கொண்டு ஷார்ட்கட் கீ அமுக்குவார், பழைய தமிழ் எழுத்துருக்களின் விசைகள் விரலில் ஊறிப்போனவை. அதே மனிதர் செல்போனில் பணம் அனுப்ப மகனைக் கூப்பிடுவார். பயத்துக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குக் காட்டியது அவர்தான். அவருடைய மெஷினில் நான் செய்த ஒரே வேலை, இன்டர்நெட் வயரைப் பிடுங்கியது. நெட்டில் இல்லாதவரை அது ஓடட்டும்.

சரி, அக்காவுக்கு வருவோம். லேப்டாப் தயாரானதும், எங்கே எதை அமுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. “இதைக் கெடுத்துக் காட்டுங்க” என்றேன். கணக்கில் கை வைக்காமல், ஒரு வெற்றுத் தாளைத் திறந்து எதையாவது தட்டச் சொன்னேன். தட்டினார். அழிக்கச் சொன்னேன், அழித்தார். இப்போது கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அமுக்குங்கள் என்றேன். அழித்தது திரும்ப வந்தது. முழு ஃபைலையே குப்பைக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குப்பைத் தொட்டியைத் திறந்து அவரே மீட்டு எடுத்தார். அதை நாலு தடவை செய்தார், மூன்று தடவை தானாகவே.

இந்த நேரத்தில் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்காரும் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு, அம்மா தடுமாறினதும் “குடும்மா” என்று மவுஸைப் பிடுங்குவது. டக் டக்கென்று அமுக்கி, “பாத்தியா, அவ்வளவுதான்” என்பார்கள். அம்மா பார்த்தது, தன்னால் முடியாது என்பதை மட்டும்தான். அவர் தேடட்டும். ஒரு நிமிஷம் ஆகட்டும்.

தட்டச்சுக்கு எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. ‘அம்மா’ என்று வர ஆங்கிலத்தில் ‘ஏ, எம், எம், ஏ, ஏ’ என்று தட்டும் முறையைத்தான் எல்லாருக்கும் போட்டுக்கொடுப்பேன். அக்காவுக்கு அது ஏறவே இல்லை. தமிழ் எழுத அவர் ஏன் ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டும்? 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் போட்டேன். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘க’வை இரண்டு தடவை தட்டினால் தானே ‘க்க’ ஆகிவிடும். எழுத்துகளை அட்டையில் எழுதிக் கீழே ஒட்டிக்கொண்டார். இரண்டு வாரத்தில் குழு உறுப்பினர்கள் அத்தனை பேர் பெயரும் தமிழில் ஏறிவிட்டது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் கணக்குத் தாளில் கூட்டல் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான் நான் போட்டுக் கொடுத்தேன்.

பயப்பட வேண்டிய இடங்களும் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்வேன். தட்டினால் மெஷின் கெடாது. ஆனால் போனில் யாரோ கேட்டார்கள் என்று ஓடிபி சொன்னால் பணம் நிஜமாகவே போகும். ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்’ என்று திரை கத்தினால் கூப்பிடக் கூடாது. நம் திரையை இன்னொருவர் பார்க்கும் ஆப்பை அறியாதவர் சொல்லி நிறுவக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

எல்லாப் பழைய மெஷினையும் காப்பாற்ற முயலவும் வேண்டாம். டச்பேட் மேலெழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். பென்டியம் 4 காலத்து டெஸ்க்டாப்புக்குச் செலவழிப்பது வீண். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போடாமல், மின்னணுக் கழிவை முறையாக எடுப்பவரிடம் கொடுங்கள். அதற்கு முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். டெலீட் செய்தாலும் ஆதார் நகலும் குடும்பப் போட்டோவும் அதிலேயேதான் இருக்கும், மீட்கத் தெரிந்தவன் மீட்டுவிடுவான்.

போன மாதம் அக்கா மறுபடி வந்தார். அதே மஞ்சள் பை, உள்ளே வேறொரு லேப்டாப், அதே கோபுர முத்திரை. பக்கத்துத் தெருக் குழுவில் கணக்கு எழுதுபவருடையதாம், அவர் வரத் தயங்குகிறாராம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்குள் அக்காவே ஆரம்பித்தார்.

“மொதல்ல அந்த ஹார்ட் டிஸ்க்க மாத்திருங்க தம்பி. மெதுவா இருந்தா அவ பயந்துருவா.”