இன்கம்பென்ட்: படுத்திருப்பவரா, உட்கார்ந்திருப்பவரா?

அமெரிக்க செனட் தேர்தல் செய்தி எதை எடுத்தாலும் ‘இன்கம்பென்ட்’ என்ற சொல் இருக்கும். பதவியில் இப்போது இருப்பவர், பெரும்பாலும் அதே இடத்துக்கு மறுபடியும் நிற்பவர் என்று பொருள். நம்மூரில் ‘சிட்டிங் எம்.எல்.ஏ.’ என்கிறோமே, அவர்தான் இவர்.

லத்தீனில் ‘இன்கும்பெரே’ என்றால் ஒன்றன்மேல் சாய்வது, படுப்பது. இங்கிலாந்தில் தேவாலய மானியத்தை அனுபவித்துவந்த பாதிரியாரை முதலில் இப்படிக் குறித்தார்கள்; அரசியலுக்கு வந்தது பிற்பாடு. முட்டை பொரிக்கும் ‘இன்குபேட்டர்’ இதற்கு நெருங்கிய உறவு. பதவியை அடைகாப்பவர் என்று கேலியாகச் சொன்னாலும் வேர்ச்சொல் கோபித்துக்கொள்ளாது.

தமிழில் ‘நடப்பு செனட்டர்’ போதும். வாக்கியத்துக்குள் ‘பதவியிலிருக்கும் செனட்டர்’ இன்னும் இயல்பாக உட்காரும். ‘ஆளும் செனட்டர்’ பிழை. அவருடைய கட்சி செனட்டில் சிறுபான்மையாக இருக்கலாம், அதிபர் வேறு கட்சிக்காரராக இருக்கலாம். அவர் காப்பது தன் ஒரு நாற்காலியைத்தான். ‘ஆன்டி இன்கம்பென்சி’யை ஆட்சி எதிர்ப்பலை என்று எழுதிப் பழகியதால் வரும் தடுமாற்றம் இது.

எதிரே நிற்கும் ‘சேலஞ்சர்’ வந்த வழி சுவையானது. லத்தீனில் பொய்க்குற்றச்சாட்டைக் குறித்த ‘கலும்னியா’, பழைய பிரெஞ்சு வழியாக இந்த உருவம் எடுத்தது. ‘சவாலர்’ என்று எழுதுவதைவிட ‘எதிர்த்து நிற்பவர்’ நல்லது. ‘எதிர்க்கட்சி வேட்பாளர்’ என்றால் எப்போதும் பொருந்தாது. சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே மல்லுக்கு நிற்பவரும் சேலஞ்சர்தான். இண்டியானாவில் 36 ஆண்டு செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகர் 2012இல் அப்படித்தான் வீழ்ந்தார்.

‘போல்’ என்பதன் பழைய பொருள் தலை. தலை எண்ணுவதுதான் போல். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேர்தல் செய்தியில் ‘கருத்துக்கணிப்பு’ என்பதே நிலைத்துவிட்டது. ‘முன்கணிப்பு’ என்று மட்டும் எழுதக்கூடாது; அது ஜோசியம் ஆகிவிடும்.

தேர்தலுக்கு ஓராண்டு முன் வரும் கணிப்பில் வழுக்குகிற இடம் அதுதான். எடுத்துக்காட்டாக, 600 பேரிடம் கேட்டதில் நடப்பு செனட்டருக்கு 44 சதவீதம், எதிர்த்து நிற்பவருக்கு 38, முடிவெடுக்காதவர்கள் 18 என்று வைத்துக்கொள்வோம். ‘6 புள்ளி முன்னிலை’ என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் எண் பிசகக்கூடிய அளவுதான் பிழை வரம்பு; 600 பேருக்கு அது கூட்டியும் குறைத்தும் 4 புள்ளி. அது ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே. இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கோ 7 புள்ளிக்கு மேல் போகும். ஆக அந்த 6 உறுதியான முன்னிலை அல்ல. அந்த 38உம் பாதி ஊருக்குப் பெயரே தெரியாத ஒருவருக்குக் கட்சிக்காக விழுந்ததாக இருக்கலாம். கேட்டது பதிவுசெய்த வாக்காளர்களிடமா, அவர்களில் உண்மையிலேயே வாக்களிக்க வருவார்கள் என்று தோன்றுபவர்களிடமா என்பதையும் பார்க்கவேண்டும். ஆரம்பக் கணிப்புகள் பெரும்பாலும் முதல் வகை. இரண்டாவதுக்கு, நவம்பரில் வாக்குப்பதிவு என்றால், அந்த ஆண்டு செப்டம்பர் வாக்கில்தான் மாறுவார்கள்.

‘நடப்பு செனட்டர் 50ஐத் தொடவில்லையென்றால் ஆபத்து, முடிவெடுக்காதவர்கள் எதிராளி பக்கம் சாய்வார்கள்’ என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நம்பிக் கெட்டவர்கள் அதிகம். விஸ்கான்சினில் 2016இல் நடப்பு செனட்டர் ரான் ஜான்சனை எதிர்த்து நின்ற முன்னாள் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்ட், கணிப்புகளில் நெடுங்காலம் முன்னால் இருந்தார், வென்றது ஜான்சன். மெய்னில் 2020இல் நடப்பு செனட்டர், குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ் கடைசி மாதங்களின் கணிப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சாரா கிடியனுக்குப் பின்னால்தான். பெட்டியை எண்ணியபோது காலின்ஸ் 51, கிடியன் 42. அதே நாளில் அதே மாநிலத்தில் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடன் 9 புள்ளியில் வென்றிருந்தார். வாக்குச்சீட்டில் மேலே அதிபருக்கு ஒரு கட்சிக்கும் கீழே செனட்டுக்கு இன்னொரு கட்சிக்கும் குத்திய அந்த வாக்காளர்களைக் கணிப்புகள் சரியாகப் பிடிக்கவில்லை.

இதற்காக நடப்பு செனட்டர்கள் அசைக்க முடியாதவர்கள் என்றும் எழுதிவிட முடியாது. 2022 பொதுத்தேர்தலில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. 2024இல் ஓஹையோவின் ஷெரட் பிரவுன், மொன்டானாவின் ஜான் டெஸ்டர், பென்சில்வேனியாவின் பாப் கேசி மூவரும் நாற்காலியை இழந்தார்கள்.