கச்சான் காலத்தில் கைக்குழந்தையின் தூக்கம்

போன கிழமை பாலையூற்றுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். பிறந்து 11 நாள். உச்சி வெயில், வெளியே கச்சான், தென்மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று, அடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை வீடு. அறையின் ஜன்னல் இரண்டையும் சாத்தி, இடுக்கில் பழந்துணி வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளைக்குத் தொப்பி, கையுறை, காலுறை, அதற்கு மேலே ஒரு தடித்த துவாய்ச் சுற்று.

"கையைத் தொட்டுப் பாருங்கோ மிஸ், சில்லென்று கிடக்கு. பிள்ளைக்குக் குளிருது" என்றார் அம்மம்மா.

அவருடைய கையைப் பிடித்துப் பிள்ளையின் பிடரியில் வைத்தேன். நனைந்திருந்தது. கழுத்து மடிப்புக்குள் வேர்க்குரு சிவந்து பொரிந்திருந்தது. அம்மம்மா ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார்.

குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போகும் எனக்கு, திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர் வரை இது பழகிய காட்சி. யாரும் அசட்டையால் செய்வதில்லை. பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது, துடக்குக் கழியும்வரை அறையைத் திறக்கக்கூடாது என்ற அக்கறைதான். அந்த அக்கறை மார்கழி வாடைக்குச் சரி. மலைகளைத் தாண்டி இறங்கும்போதே காய்ந்து சூடேறி வருகிற கச்சானுக்கு அது சரிவராது.

சின்னப் பிள்ளையின் கையும் காலும் குளிர்ந்திருப்பது இயல்பு. அதை வைத்துக் குளிரை அளக்க முடியாது. பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்தோ கொதித்தோ இருந்தால் ஒரு துணி கூடிவிட்டது என்று அர்த்தம். கைக்குழந்தைக்கு நம்மைப்போல வியர்த்து உடம்பைத் தணிக்கத் தெரியாது. உடம்பின் அளவுக்குப் பார்த்தால் தலை பெரிது. அந்தத் தலை வழியாகத்தான் சூடு நிறைய வெளியேறும். அதில் தொப்பியைப் போட்டால் வழி அடைபடுகிறது. உடம்பு அளவுக்கு மீறிச் சூடான பிள்ளை ஆழ்ந்து உறங்கி, மூச்சு முட்டினாலும் எழும்பாமல் கிடக்கலாம். நல்லாக இருந்த பிள்ளை தூக்கத்திலேயே போய்விடும் திடீர் சிசு மரணத்துக்கு இந்த அதிக சூடும் ஒரு காரணி.

குப்புறப் படுக்கவைப்பது இன்னொன்று. பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் "பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பெரிய பிரசாரம் நடந்தது. அதற்குப் பிறகு அந்த மரணங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய பாதியாகவும், பிரித்தானியாவில் அதைவிடவும் குறைந்தன. மல்லாக்கப் படுத்தால் பால் கக்கிப் புரைக்கேறும் என்று பயப்படுகிறார்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு அப்படி நடப்பதில்லை. அந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும், கக்கியது தானாக இறங்கிவிடும்.

சரி, எதில் படுக்க வைப்பது? தட்டையான, அமுங்காத படுக்கை. பாயில் மெல்லிய மெத்தையும் இறுக்கி விரித்த கொட்டன் துணியும் போதும். சீமெந்துத் தரை குளிர்ச்சி, நல்லதுதான். ரப்பர் ஷீட் போட்டால் அதன்மேல் தடித்த கொட்டன் துணி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் முதுகு அவியும். தலை உருண்டையாக வரவேண்டுமென்று வைக்கும் குட்டித் தலையணையை, பக்கத்தில் அணைக்கும் தலையணைகளை, பொம்மையை எடுத்துவிடுங்கள். தாய் அதே அறையில், கையெட்டும் தூரத்தில், ஆனால் பிள்ளைக்குத் தனிப் படுக்கை. பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது மிக ஆபத்து, அதை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சேலையில் கட்டும் ஏணைத் தொட்டிலைப் பற்றிச் சொன்னால் பலருக்கு மனம் கஷ்டப்படும். நானும் ஏணையில் வளர்ந்தவள்தான். ஆனால் சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ள, உள்ளே பிள்ளை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். வெக்கையும் உள்ளேயே தங்கும். ஆட்டி உறங்க வைக்கிறீர்களா, பக்கத்திலேயே இருங்கள். உறங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள்.

ஃபேன் போடலாம், தவறில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம், சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். ஏசி இருந்தால் 24 முதல் 26 வரை. கச்சான் காய்ந்த காற்று என்பதால் பகலில் ஜன்னலில் ஈரச் சேலை தொங்கவிட்டால் அறை தணியும். பிள்ளைக்கு எட்டாத ஜன்னலாக இருக்கட்டும். கடற்கரைப் பக்கம் புழுங்கும் இரவுகளில் அது உதவாது. தகரத்துக்குக் கீழே அறைக் காற்றே கொதித்தால் ஃபேனும் அந்தச் சூட்டைத்தான் அள்ளி வீசும். கரண்ட் போனாலும் அப்படித்தான். பிள்ளையை விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள், வலைக்குள் போடுங்கள், ஓலை விசிறியால் விசிறுங்கள். பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அக்குள், கழுத்து, தொடை இடுக்கைத் துடைத்தால் பிள்ளை தணியும். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

நுளம்பு வலை பகல் தூக்கத்துக்கும் கட்டாயம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாடு நமக்கு மறக்காது. அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும். வலை இறுக்கமாக, முகத்தில் படாமல் இருக்கவேண்டும். பூட்டிய அறையில் நுளம்புச் சுருளோ சாம்பிராணிப் புகையோ வேண்டாம்.

உடுப்பு என்றால் ஒரு மெல்லிய கையில்லாச் சட்டை, அல்லது வெறும் நாப்கின் மட்டும். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். எண்ணெய் அப்பினால் வியர்வை வரும் துவாரம் இன்னும் அடைபடும். குளிர வைத்து, மடிப்புகளைத் துடைத்துக் காயவிட்டால் தானாகவே அடங்கும்.

அப்புறம் தண்ணீர். "தொண்டை காயுமே, ஒரு சங்குதானே" என்று கேட்காத அம்மம்மா இல்லை. தாய்ப்பாலில் 100க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். 6 மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. வெக்கை நாளில் அடிக்கடி பால் கொடுங்கள், தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். முதல் கிழமை கழிந்த பிள்ளை ஒரு நாளைக்கு 6 தரமாவது சலம் (சிறுநீர்) போனால் பால் போதும்.

பிள்ளை பால் இழுக்காமல் துவண்டு கிடந்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால், உச்சிக்குழி உள்ளே போயிருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால் பொறுத்துப் பார்க்கவேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சலே போதும், நேரே ஆஸ்பத்திரிதான். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.